வெல்லத்தண்ணி தவிர

சித்த நகந்து உக்காருங்க தம்பி. அவ்வளவு போதுமுங்க. பையை மேல வெக்கலாம், ஆனா அவிநாசி திருப்பத்துல விழுந்துச்சுன்னா உள்ள இருக்கற சாத்துக்குடி நசுங்கிப்போயிரும். பொண்ணுக்கு வாங்குனது. காந்திபுரத்துல குடியிருக்கறா, இப்ப முழுகாம இருக்கறா.

நீங்களும் காந்திபுரமா? பேங்குலயா வேலை? நல்லதுங்க. நானும் அங்கதான் டிக்கெட் எடுத்திருக்கறேன். ஆனா நடுவுல காலேஜ் ஸ்டாப்புன்னு ஒண்ணு வரும், கருமத்தம்பட்டி தாண்டி. மனசு வந்துச்சுன்னா அங்க இறங்கோணும். மனசு வல்லீன்னா நேரா பொண்ணு ஊட்டுக்குப் போயிருவேன். ஊட்டுக்காரிகிட்ட பொண்ணைப் பாக்கப் போறேன்னுதான் சொல்லீட்டு வந்தேன். அதனால எப்படிப் போனாலும் பொய்யில்ல பாருங்க.

என்ன, பேண்ட்டையே பாக்கறீங்க? இந்த வெள்ளைப் புள்ளிங்களா? அது ஒண்ணுமில்லீங்க, துணி பழசு, வெளுத்துப்போச்சு. கம்பெனி யூனிபாரம். எப்பவும் நான் வேட்டிதான். காலேஜ் வாசல்ல வாட்ச்மேன் என்ன சொல்லுவானோன்னு இதை எடுத்து மாட்டுனேன். இருக்கறதுல நல்ல பேண்ட்டு இது ஒண்ணுதான்.

அங்க என்ன சோலின்னு நீங்க கேக்கலை. கேக்காத ஆளுகிட்டத்தான் சொல்லத் தோணுது. நீங்க யாரோ, நான் யாரோ, இறங்குனா முடிஞ்சுது.

நான் சாயத்தண்ணி சுத்தம் பண்ற பிளாண்டுல ஆப்பரேட்டருங்க. இருவத்திரண்டு வருசமாச்சு, இன்னும் எட்டு மாசம் சர்வீஸ் இருக்குது. பிளாண்டு பேரு வேண்டாம். பதினாறு சாயப்பட்டறைத் தண்ணி எங்க தொட்டிக்குத்தான் வரும். காலையில சேப்பா வரும், மத்தியானம் நீலமா வரும், சில நாள் என்ன கலர்னே சொல்ல முடியாது. எங்க தொழில்ல கறைன்னா பிளீச்சிங்குதான் தம்பி, வேற மருந்து தெரியாது. தரையில சாயம் சிந்துனா பிளீச்சிங். கையில ஒட்டுனா பிளீச்சிங். எங்காளு ஒருத்தன் வெத்தலைக் கறைக்குன்னு பல்லுல அதைத் தொட்டுத் தேச்சுப்போட்டு மூணு நாள் வெறும் கஞ்சி குடிச்சான். பழக்கமுங்க. பழக்கத்துல செஞ்சதுக்கு ஒரு மனுசனைக் குத்தம் சொல்ல முடியுமா? நீங்களே கேட்டுட்டு சொல்லுங்க.

போன வருசத்துக்கு முந்தின வருசம், வைகாசி மாசம், ஒரு புள்ள வந்துச்சுங்க. கோகிலவாணின்னு பேரு. பாலக்கோட்டுப் பக்கம், அப்பா தக்காளி மண்டியில மூட்டை தூக்கறவரு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது, எங்க தண்ணியில என்னமோ பரிசோதனை பண்ணணும்னு முதலாளிகிட்ட லெட்டர் வாங்கீட்டு வந்துச்சு. மேனேஜர் என்னைக் கூப்புட்டு, "இந்தம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருங்க"ன்னாரு. நான் முதல்ல மேடம்னுதான் கூப்புட்டேன். அது சிரிச்சுது. "மேடம் எல்லாம் வேணாம் அண்ணா, எங்கப்பா வயசு உங்களுக்கு"ன்னுது. அப்பா வயசுன்னா அண்ணாங்கறது எப்படின்னு கேட்டேன். "அப்பான்னு கூப்பிட்டா வேலை வாங்க முடியாதே"ன்னுது. அப்படிப்பட்ட வாய்.

முதல் நாளே பிளாண்டுக்குப் பின்னால சாக்கடையில இறங்கி மண்ணை அள்ளுச்சு. நாங்க மூக்கைப் புடிச்சுட்டு நிக்கறோம், அது சந்தனத்தை எடுக்கறாப்புல எடுத்து டப்பாவுல போடுது. "அண்ணா, இருபது வருஷமா இந்தச் சாயத்துலயே கிடந்து பிழைச்ச கிருமி இதுல இருக்கும். நமக்கு விஷம், அதுக்கு இதுதான் சோறு"ன்னுது. படிச்சுப் படிச்சு ஒரு மாதிரி ஆயிருச்சு போலன்னு நினைச்சேனுங்க, உள்ளதைச் சொல்றேன்.

அப்பறம் ஒரு மாசம் கழிச்சு அந்தக் கிருமியை வளத்தி எடுத்துட்டு வந்துச்சு. எங்க ஸ்டோர் ரூம்ல ஒரு மேசை. கடல்பாசியிலிருந்து எடுக்கற ஒரு மாவு இருக்குதுங்க, கரைச்சா கூழாட்டம் வரும். அதுல கிருமியைக் கலக்கி, ஊசி போடற சிரிஞ்சுல அடைச்சு, ஒரு சுண்ணாம்பு உப்புத் தண்ணியில சொட்டுச் சொட்டா விடும். விழுந்த வேகத்துல உருண்டையாயிரும். ஜவ்வரிசியேதான். ஒரு நாளெல்லாம் உக்காந்து சொட்டு விடும். பெருவிரல் வீங்கிப்போச்சு அதுக்கு. நானும் ரண்டாவது நாள் ஒரு சிரிஞ்சை வாங்கி விட ஆரம்பிச்சேன். என்ற உருண்டை வாலோட வரும், அதுது குண்டா வரும். வால் வந்ததையெல்லாம் பொறுக்கித் தனியா வெச்சு, "இது அண்ணா வூட்டுது"ன்னு சிரிக்கும்.

"எதுக்கம்மிணி இந்தப் பாடு, கிருமியை அப்படியே தண்ணியில ஊத்திவிட்டா என்ன"ன்னு கேட்டேன். "தண்ணியோட அடிச்சுட்டுப் போயிடும் அண்ணா. உருண்டைக்குள்ள இருந்தா எங்கேயும் போகாது. சாயத்தண்ணி உள்ள போகும், வெளிய வரும், கிருமி உக்காந்த இடத்துல உக்காந்தே தின்னும்"ன்னுது. "அப்ப ஜெயில்ங்களா?"ன்னேன். "இல்லண்ணா, வீடு"ன்னுது.

ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் நிறுத்தி, அதுல அந்த உருண்டைகளை நிரப்பி, மேல சாயத்தண்ணியை விட்டுச்சு. முதல் வாரம் சேப்பாப் போனது சேப்பாவே வந்துச்சு. மூணாவது வாரம் கொஞ்சம் வெளுத்துது. ஆடி முடியறதுக்குள்ள, தம்பி, நம்பினா நம்புங்க, மேல ரத்தமாட்டம் ஊத்துன தண்ணி கீழ வடிகஞ்சியாட்டம் வந்துச்சு. நான் கைதட்டிப்போட்டேன். அதுக்கு மட்டும் கலர் போனது பத்தலை. "கலரை உங்க பிளீச்சிங்கே எடுத்துடும் அண்ணா. கண்ணுக்குத் தெரியாம பண்ணிடும், விஷம் அப்படியே இருக்கும். இதுங்க அதையும் உடைச்சுத் தின்னணும்"னு சொல்லி, தினமும் பாட்டல்ல புடிச்சு காலேஜுக்கு எடுத்துட்டுப் போகும். பொரட்டாசி பொறந்தப்ப ஒரு நாள் பரிசோதனைக் காயிதத்தை ஆட்டீட்டே ஓடி வந்துச்சு. விஷமும் போச்சாம். முக்காலுக்கு மேல போச்சாம்.

அதுங்களுக்குத் தீனி வெல்லத்தண்ணிங்க. காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். அது என்ற பொறுப்பு. குண்டு வெல்லமா பாத்து நானே வாங்குவேன். குழாய்கிட்ட நின்னு, "சாப்பிட்டீங்களாடா"ன்னு கேப்பேன். சிரிக்காதீங்க. நாலு மாசம் ஒரு உசுருக்குச் சோறு போட்டா யாரா இருந்தாலும் கேப்பாங்க.

முதலாளி சொல்லிப்போட்டாரு, தீவாளி வரைக்கும் இப்படியே ஓடுச்சுன்னா பெரிய தொட்டிக்கே இந்த உருண்டையைப் போட்டர்லாம்னு. எனக்கு அதுல ஒரு சுயநலம் இருந்துச்சுங்க. மழைக்காலத்துல எங்க தொட்டி நிரம்பி வழியறது வாய்க்கால்லதான் போகும். எங்கக்கா தோட்டத்துக் கெணறு அந்த வாய்க்கா ஓரம். அந்தத் தண்ணியில வேட்டி தொவைச்சா ரோஸ் கலர் வரும். குடிக்கறதுக்கு லாரித் தண்ணி. மாமா உடம்பெல்லாம் பொரிப்பொரியா வந்து சொறிஞ்சுட்டே இருப்பாரு. அக்கா என்னைப் பாக்கறப்பெல்லாம், "உங்க பிளாண்டுல என்னதான்டா சுத்தம் பண்றீங்க"ம்பா. இந்தத் தடவை பெருமையாச் சொன்னேன், ஒரு புள்ள வந்திருக்குது, பாருக்கா, ஒரு வருசத்துல கெணத்துல எறங்கிக் குடிப்பேன்னு.

இப்ப ஆயுத பூஜைக்கு வர்றேன்.

அந்தப் புள்ள நாலு நாள் லீவுல ஊருக்குப் போச்சு. போறப்ப என்கிட்ட சாவி குடுத்துட்டு, வெல்லத்தண்ணியை மறந்துராதீங்கன்னு சொல்லுச்சு. வேற ஒண்ணும் சொல்லலை. கழுவக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்க. சொல்லியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?

எங்க பக்கம் ஆயுத பூஜைன்னா உங்களுக்கே தெரியும். மோட்டாரு, பம்பு, பேனல் போர்டு, ஸ்பேனர் வரைக்கும் கழுவித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, சாயங்காலம் முதலாளி குடும்பத்தோட வந்து ஒவ்வொரு மிசினா பாத்துட்டுப் போவாரு. அன்னைக்குத்தான் எல்லாருக்கும் புது யூனிபாரம் குடுப்பாங்க. காலையிலேயே போட்டுட்டு வேலையை ஆரம்பிச்சோம். எல்லாம் பளபளன்னு ஆயிருச்சு. இந்தக் குழாய் மட்டும் கொழகொழன்னு பழுப்பா நிக்குது. உருண்டையெல்லாம் பாசி புடிச்சு, ஒரு மாதிரி ஊசிப்போன வாடை. சேந்தமங்கலத்துக்காரன் ஒருத்தன், எங்க கூட வேலை செய்யறவன், குழாயைக் காட்டி, "ஏனுங்ணா, உங்க மருமக குளிக்காமப் போயிருச்சுங்களா"ன்னு நக்கலடிச்சான்.

எனக்குப் பொறுக்கலைங்க. முதலாளி சம்சாரம் வந்து மூக்கைப் புடிச்சா அந்தப் புள்ளைக்குத்தானே கெட்ட பேரு? அதுக்கு நல்ல பேரு வரோணும்னுதான் பண்ணுனேன். வாளியில பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு, தெளிவை வடிச்சு, ஏணி போட்டு ஏறி மேலிருந்து ஊத்துனேன். தெறிச்சுது கொஞ்சம், சட்டை பண்ணலை. பத்து நிமிசந்தான். பாசி கழண்டுது, வாடை போச்சு, உருண்டை அத்தனையும் வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. மல்லிகை மொக்கைக் கொட்டி வெச்சாப்புல இருந்துச்சு. நல்ல தண்ணி விட்டு அலசி, சந்தனம் பூசி, செவ்வந்தி மாலை போட்டேன். முதலாளி சம்சாரம் அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. எனக்குப் பூரிப்புன்னா அப்படி ஒரு பூரிப்பு.

அடுத்த நாள் சாயத்தண்ணியை விட்டேன். சேப்பாப் போனது சேப்பா வந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. ஒரு நாள் பூஜையில வேளைக்குத் தீனி போடலையே, பசியில கெடக்குதுங்க போலன்னு நினைச்சு ரண்டு டம்ளர் வெல்லத்தண்ணி ஊத்துனேன். சாயங்காலம் மூணு டம்ளர். அடுத்த நாளும் ஊத்துனேன். செத்ததுக்குச் சோறூட்டிட்டு நின்னிருக்கறேன் தம்பி, ரண்டு நாள்.

இல்லீங்க, தண்ணி வேண்டாம், பாட்டலை மூடி வெய்யுங்க. சாத்துக்குடி ஒண்ணு உரிக்கட்டுமா? வேண்டாமா, சரி.

திங்கக்கிழமை காலையில வந்துச்சு. கையில எனக்குன்னு ஒரு பை தக்காளி. குழாயைப் பாத்துது. பையை அப்படியே கீழ வெச்சுது. வால்வைத் தொறந்து உருண்டையில ஒரு பிடி உள்ளங்கையில எடுத்து, மூக்குகிட்ட கொண்டுபோச்சு. அப்பறம், "பூஜை நல்லா நடந்துச்சா அண்ணா?"ன்னு கேட்டுது. நடந்துச்சம்மிணின்னேன். "குழாயைக் கழுவுனீங்களா?" "வெறும் தண்ணியிலதான் கழுவுனேன்"னேன். வாயில அப்படித்தான் வந்துச்சு. யோசிச்சுச் சொன்னதில்ல. சொன்னதுக்கப்பறம் மாத்த முடியலை, அவ்வளவுதான்.

என்ற நிலைமையையும் பாக்கோணுமில்ல? பொண்ணுக்கு நிச்சயமாகி இருந்துச்சு, தையில கல்யாணம். அந்தப் புள்ளைக்கும் தெரியும். முகூர்த்தப் பொடவை என்ன கலர் எடுக்கறதுன்னு நானும் அதும் சிரிஞ்சுல சொட்டு விட்டுட்டே ஒரு மத்தியானம் பூராப் பேசியிருக்கறோம். அந்த நேரத்துல வேலை போச்சுன்னா சம்பந்திக முன்னால நான் எங்க போயி நிப்பேன்?

மேனேஜர் ஆபீசுக்குக் கூப்புட்டாரு. அந்தப் புள்ள மேசைக்கு இந்தப் பக்கம், நான் கதவோரம். மேனேஜர் விவரமானவரு. கேட்டாரு பாருங்க: "எங்காளுக யாராச்சும் கை வெச்சிருந்தா சொல்லும்மா. அவனை இன்னைக்கே வூட்டுக்குத் தாட்டி விட்டர்றேன். முதலாளிகிட்டப் பேசி உனக்கு இன்னும் ஆறு மாசம் வாங்கித் தர்றேன். நீ பொறவு புதுசா ஆரம்பிக்கலாம்." நான் கதவைப் புடிச்சுட்டு நின்னேன். அந்தப் புள்ள திரும்பி என்னைப் பாத்துது. மூஞ்சியைப் பாத்துட்டு அப்பறம் தலையைக் குனிஞ்சுது. பாவம், எங்க ரண்டு பேருக்கு முன்னால தோத்துப்போன வெக்கம். குனிஞ்ச தலை நிமிராம, "யாரும் ஒண்ணும் பண்ணலை சார். உங்க தண்ணியில உப்பு அதிகம், உருண்டை தாங்கலைன்னு நினைக்கிறேன்"னுது.

உப்பாம்! நாலு மாசமா அதே உப்புலதானே நல்லாத் தின்னுட்டு இருந்துதுங்க. எனக்கே தெரியுது, அத்தனை படிச்ச புள்ளைக்குத் தெரியலை பாருங்க. படிப்பு வேற, தொழில்ல அடிபட்டு வர்றது வேறன்னு அன்னைக்கு நினைச்சேன். ஒரு பக்கம் உசுரு வந்துச்சு, ஒரு பக்கம் பொக்குன்னு போச்சு. இத்தனை கெட்டிக்காரப் புள்ள, ஒரு பிளீச்சிங் வாடையைக் கண்டுபுடிக்கலையேன்னு.

அப்பறமென்ன, குழாயைக் கழட்டி ஆட்டோவுல ஏத்துச்சு. தக்காளிப் பையை எடுத்து என்ற கையில குடுத்துட்டுப் போச்சு. பெரிய தொட்டித் திட்டத்தை முதலாளி அதோட உட்டுட்டாரு. அக்கா கெணறு இப்பவும் அப்படியேதான் இருக்குது. மாமாவுக்குப் பொரி இப்ப கழுத்து வரைக்கும் ஏறிப்போச்சு. தோட்டத்துக்குப் போனா நான் கெணத்துப் பக்கம் பாக்கறதில்லீங்க.

நான் உங்ககிட்ட ஒண்ணு பொய் சொன்னேன் தம்பி. கழுவக் கூடாதுன்னு சொல்லலைன்னேனே. வாயில சொல்லலை, அது நெசம். ஆனா ஒரு காயிதம் எழுதிக் குழாய் பக்கத்துல ஒட்டி வெச்சிருந்துச்சு. பாருங்க, இந்தச் சட்டைப் பையிலதான் வெச்சிருக்கறேன். படிங்க. "அண்ணா, வெல்லத்தண்ணி தவிர வேற எதையும் ஊத்தாதீங்க." நல்லா முத்து முத்தா எழுதியிருக்குதுங்களா? பூஜைக்கு செவுத்தைத் தொடைக்கறப்ப நான்தான் கிழிச்சு எடுத்தேன், காயிதம் தொங்குனா அசிங்கமா இருக்கும்னு. படிச்சுட்டுத்தான் எடுத்தேன். கழுவறது வேற, ஊத்தறது வேறன்னு மனசுக்குள்ள சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

ஒண்ணரை வருசம் ஓடிப்போச்சு. போன வாரம் ஒரு கவர் வருது. உள்ள ஒரு அழைப்பு, இங்கிலீசுல. கூட ஒரு பக்கம், அது எழுதுன ஆராய்ச்சிப் புத்தகத்துல இருந்து. எங்க கெமிஸ்டுகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, அதாவது இன்னைக்கு, பதினோரு மணிக்கு காலேஜுல எல்லாரு முன்னாலயும் நின்னு அந்தப் புள்ள தன்னோட ஆராய்ச்சியைப் பத்திப் பேசுமாம். வெளியூர்லருந்து பெரிய பெரிய வாத்தியாருக வந்து கேள்வி கேப்பாங்களாம். புத்தகத்துல அஞ்சாவது பாடம் எங்க பிளாண்டு. "நான்கு மாதம் நன்றாக வேலை செய்த பாக்டீரியா திடீரென்று செயலிழந்தது. உப்பு காரணமாக இருக்கலாம். உறுதி செய்யப்படவில்லை." இப்படி எழுதியிருக்குதாம். கெமிஸ்டு படிச்சுப்போட்டுச் சிரிச்சான். "விடுங்ணா, இனி இந்த ஊர்த் தண்ணிக்கு உருண்டை கிருண்டைன்னு ஒருத்தனும் வரமாட்டான். ஒருக்கா தோத்துச்சுன்னு அச்சுல வந்துருச்சில்ல"ன்னான்.

ஒருத்தனும் வரமாட்டான். நான் ஒரு வாளி ஊத்துனேன், நாளைக்கு எங்கயோ எவனோ இதைப் படிச்சுப்போட்டு, சரி, வேண்டாம்னு விட்டுருவான். இந்தப் பக்கம் எத்தனை தோட்டம் இருக்குது, எத்தனை கெணறு இருக்குது.

அழைப்போட பின்னால பேனாவுல தமிழ்ல எழுதியிருந்துச்சு. அது எனக்கு மனப்பாடம். "அண்ணா, நீங்க இல்லாம அந்த நாலு மாசம் இல்லை. புத்தகத்துல நன்றி சொல்லியிருக்கேன், பிளாண்டைச் சுத்தமா வெச்சுக்கிட்டதுக்கு. அவசியம் வாங்க. அங்க யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாம். நீங்களும் பேசலாம்."

சுத்தமா வெச்சுக்கிட்டதுக்கு நன்றியாம். வெகுளிப் புள்ளைங்க. யாருக்கு நன்றி சொல்றோம்னுகூட அதுக்குத் தெரியலை. அதான் போலாமா வேண்டாமான்னு நாலு நாளாத் தூக்கமில்லை. போயி என்னத்தைப் பேசறது? ஒண்ணும் அறியாத புள்ளைகிட்டப் போயி, நான்தான் உன்ற பொழைப்பைக் கெடுத்தேன்னு நல்ல நாள்ல சொல்றதா? அதுக்குப் பேசாம இருந்துர்றதுதான் நல்லதுன்னு தோணுது. மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா எட்டு மாசச் சர்வீசும் போயிரும், அது வேற. மணி என்னங்க இப்ப? பத்தே காலா? கருமத்தம்பட்டி தாண்டிருச்சா?

என்ன கேட்டீங்க?

அன்னைக்கு ஆபீசுல நின்னப்பவும் இதே பேண்ட்டுதானான்னா? ஆமாங்க. பூஜைக்குக் குடுத்த புதுசு, திங்கக்கிழமையும் அதைத்தான் போட்டுட்டுப் போனேன். ஏன் கேக்கறீங்க? புள்ளி அப்பவே இருந்துச்சுங்க. ஏணியில நின்னு ஊத்துனப்பத் தெறிச்சது. கருநீலத் துணியில பிளீச்சிங் பட்டா அப்படித்தான், புதுப் பேண்ட்டைப் போட்ட அன்னைக்கே வீணாக்கிட்டு வந்தீங்களேன்னு ஊட்டுக்காரிகூட...

இருங்க.

இருங்க தம்பி.

நீங்க பஸ்ஸுல வந்து உக்காந்ததும் பாத்தீங்க. சாயத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளு நீங்க. அது சாயத்துலயே கெடந்த புள்ள. கதவோரம் நின்னேன். மூஞ்சியைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுதுன்னு சொன்னேனே. வெக்கப்பட்டுக் குனியலை. என்ற முழங்காலைப் பாத்திருக்குது. பாத்துட்டுத்தான், யாரும் ஒண்ணும் பண்ணலை சார்னு சொல்லியிருக்குது.

அந்த ஆறு மாசம் அதோடது. மேனேஜர் மேசை மேல எடுத்து வெச்சுட்டாரு, வாங்கிக்க வேண்டியதுதான் பாக்கி. அதை வாங்காம உட்டுப்போட்டு, பொண்ணு கல்யாணத்தை நடத்துங்கண்ணான்னு எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்குது. நான் என்னடான்னா ஒண்ணரை வருசமா அந்தப் புள்ளைக்கு விவரம் பத்தாதுன்னு நினைச்சுட்டுத் திரியறேன். கெமிஸ்டுகிட்டச் சொல்லி வேற சிரிச்சிருக்கறேன்.

கண்டுபுடிச்சுருவாங்களோன்னு பயந்து பயந்து கெடந்தேனுங்க. அன்னைக்கே தெரிஞ்சிருக்குதுன்னா, இது அந்தப் பயத்தை விடக் கொடுமையா இருக்குது. செத்துப்போலாம்போல வெக்கமா இருக்குது. அது கொண்டாந்த தக்காளியைத் தொக்கு வெச்சு ஒரு வாரம் தின்னேன்.

உறுதி செய்யப்படவில்லைன்னு ஏன் எழுதுச்சுன்னு இப்பத் தெரியுதுங்களா? எனக்குன்னு ஒரு வரி காலியா விட்டு வெச்சிருக்குது. நீங்களும் பேசலாம்னு எழுதுச்சே. கேக்கலாம்னு எழுதலை பாருங்க, மத்தவங்க கேக்கலாம், நீங்க பேசலாம்.

யாரு, கண்டக்டரா கத்தறது? காலேஜா?

அந்தக் காயிதத்தைக் குடுங்க தம்பி, அது வேணும். பையைச் சித்தப் புடிங்க, காலு மரத்துப்போச்சு. பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லிக்கறேன், சாயங்காலம் வர்றேன்னு. எழுந்திரிச்சு என்ன சொல்லோணும்? வணக்கமுங்க, நான் பிளாண்டு ஆப்பரேட்டர். அஞ்சாவது பாடத்துல உப்புன்னு போட்டிருக்கறது உப்பு இல்லீங்க, நான்தான். சரியா இருக்குதுங்களா? அந்தப் புள்ளைக்கு முன்னாலயே தெரியும்ங்கறதை மட்டும் சொல்ல மாட்டேன். அதை நீங்களும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.

கொஞ்சம் வழி விடுங்க. ஏனுங் கண்டக்டரு, விசில் ஊதாதீங்க, இறங்கறதுக்கு ஒரு ஆளு இருக்குது!